கடல் இல்லாத வேலூரில் ஸ்கூபா வழியாக அறிவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூபா முக்குளிப்பை, அதாவது முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் மூச்சுவிட்டபடி முங்குவதை, வைத்து அறிவியல் சொல்லித்தருகிறோம். பெரும்பாலும் பீடி சுற்றும் வீடுகள், தோல் ஷாப்புக்கு (தோல் பதனிடும் ஆலைக்கு) வேலைக்குப் போகும் வீடுகள், மண்டியில் மூட்டை தூக்கும் வீடுகளிலிருந்து வரும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். மாலை வகுப்புகள், சில நாள் நீச்சல் குளம், கடைசியில் ஒரு நாள் புதுச்சேரிக் கடல். இவ்வளவுதான் திட்டம். பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

வேலூரில் கடலே இல்லை. இங்கே எதற்கு ஸ்கூபா?

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆழம் கூடினால் திரவத்தின் அழுத்தம் கூடும் என்பதை எந்தப் பிள்ளையும் தூக்கத்தில்கூட ஒப்பித்துவிடும். அதே பிள்ளையை நீச்சல் குளத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். காது ‘சுருக்’ என்று வலிக்கும். மேலே வந்ததும் கேள்வி வரும்: “சார், காது மட்டும் ஏன் வலிக்குது? கை, கால் வலிக்கலையே?” பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கையிலும் காலிலும் பெரும்பகுதி நீர்தான். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. செவிப்பறைக்குப் பின்னால் இருப்பதோ காற்று, அது சுருங்கும். நுரையீரலிலும், கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்குள்ளும் காற்றுதான். உடம்பில் எங்கெல்லாம் காற்று இருக்கிறது என்று பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள். சொத்தைப் பல் அடைப்புக்குக் கீழே மாட்டிய காற்றையும் ஒரு பிள்ளை கேட்டது. அதுவும் சரியான பதில்தான்.

அப்புறம், கடல் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் நம் பாலாறு, வயலூர் பக்கம் வங்கக் கடலில்தான் போய்ச் சேருகிறது. 2021 நவம்பரில் கரை புரண்டு போன தண்ணீரைப் பாலத்தில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன்தானே?

ஆஸ்பத்திரி ஊர் என்பதால் இந்தச் சந்தேகம் இங்கே எல்லோருக்கும் வருகிறது. இல்லை. அதில் இருப்பது நாம் மூச்சுவிடும் அதே காற்று, வடிகட்டி அழுத்தி அடைத்தது. நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம். சுத்த ஆக்சிஜனை ஏறக்குறைய 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே விஷமாகி வலிப்பை வரவழைக்கலாம். உயிர்வாயு என்று பேர் வாங்கிய ஒன்று அழுத்தத்தில் ஆளைச் சாய்க்கும் என்பதைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

சிலிண்டரை வைத்து நாங்கள் செய்யும் முதல் வேலை, எடை போடுவது. வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) காற்று இருந்தால், வெளியே அது 2,200 லிட்டர். ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம். அப்படியானால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல்! காலி சிலிண்டரையும் நிரப்பிய சிலிண்டரையும் தராசில் தொங்கவிட்டால் அந்த வித்தியாசம் அப்படியே தெரியும். ‘காற்றுக்கு எடை உண்டு’ என்பதை பலூனையும் குச்சியையும் வைத்துக் காட்டுவதைவிட இது பலமடங்கு மேல்.

நீச்சலே தெரியாத பிள்ளை சேரலாமா?

சேரலாம். கடலில் பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு செய்யும் அறிமுக முங்கலுக்கு நீச்சல் கட்டாயமில்லை. சான்றிதழ் தரும் முழுப் பயிற்சிக்குத்தான் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஆனாலும் எங்கள் பிள்ளைகளுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் மாஸ்க்கையே கையில் கொடுப்போம்.

கிணற்றில் நீச்சல் பழகிய பிள்ளைகள் வருவதுண்டு. இடுப்பில் சுரைக் குடுக்கையோ கல்யாண முருங்கைக் கட்டையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு பழகியவர்கள். இவர்களுக்குத் தண்ணீர் பயம் கிடையாது, மிதப்பு விசை பற்றிச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எங்களுக்கு அதிக வேலை வைப்பவர்களும் இவர்கள்தான். ஏன் என்பது அடுத்த பதிலில்.

மூச்சைப் பிடிக்கவே கூடாது என்கிறீர்களே, ஏன்?

ஸ்கூபாவின் முதல் விதி இது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கிணற்றில் முங்கும் பையன் மேலே நான்கு லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு குதிக்கிறான். ஆழத்தில் அது சுருங்குகிறது. மேலே வந்தால் பழையபடி நான்கு லிட்டர். ஆபத்தில்லை. ஸ்கூபாவில் நடப்பது வேறு. 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) அந்த அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. அங்கே நான்கு லிட்டர் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், அழுத்தம் பாதியானால் காற்றின் கனஅளவு இரட்டிப்பாகும் என்ற பாயில் விதிப்படி அது எட்டு லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. ஆழம் ஒன்றரை மீட்டர்தான் என்றாலும், நுரையீரல் முழுக்கக் காற்றோடு மூச்சைப் பிடித்து எழும்பினால் கிழிசல் ஏற்படலாம்.

இதில் பிள்ளைகளைக் கணக்குப் போட வைக்கும் இடம் ஒன்று உண்டு. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 4-லிருந்து 3 ஆகிறது. காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் 2-லிருந்து 1, காற்று இரட்டிப்பாகிறது. ஏறுகிற தூரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே அதிக மாற்றம் நடப்பது மேல்மட்டத்தில்தான். ‘ஆழமில்லாத இடம், பயமில்லை’ என்ற நினைப்பைப் பிள்ளைகள் தாங்கள் போட்ட கணக்காலேயே உடைத்துவிடுவார்கள். கிணற்றுப் பழக்கம் உள்ளவர்களுக்கு மூச்சைப் பிடிப்பது உடம்பில் ஊறிப்போனது என்பதால், விடாமல் மூச்சுவிடக் குளத்தில் தனியாகப் பயிற்சி கொடுப்போம். அது சரியாகும்வரை கடல் கிடையாது.

எந்தெந்தப் பாடம் இதில் வருகிறது?

அழுத்தம், மிதப்பு விசை, பாயில் விதி, ஒளிவிலகல், ஒலி, கரைசல்கள், வெப்பம். எட்டிலிருந்து பத்தாம் வகுப்புவரை சிதறிக் கிடப்பவை. எல்லாவற்றையும் ஒரே அளவில் நடத்துவதில்லை. சிலதில் நிறைய நேரம் செலவிடுவோம்.

மிதப்பு விசைக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கணிப்பு நோட்டு உண்டு. குளத்து நன்னீரில் தான் மிதக்காமலும் மூழ்காமலும் சமநிலையில் நிற்க எத்தனை கிலோ ஈயக்கட்டி வேண்டும் என்று பார்த்து எழுதிக்கொள்ளும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அதிகம். அப்படியென்றால் கடலில் எவ்வளவு கூட்ட வேண்டும்? 40 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. இதை வேலூரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். கடலில் கணக்கு ஒத்துவந்தால் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் இன்னும் நல்லது: உடுப்பு மாறியதா, சிலிண்டர் மாறியதா என்று திரும்பிவரும் வழியெல்லாம் சண்டை நடக்கும். அளக்காமல் முங்கினால் அது சுற்றுலா. சுற்றுலாவுக்கு நாங்கள் வேண்டாம், புதுச்சேரிக்குப் பஸ் இருக்கிறது.

ஒளிவிலகல்: தண்ணீருக்கடியில் மாஸ்க் வழியாகப் பார்த்தால் பொருள்கள் முக்கால் தூரத்தில் இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். குளத்தின் அடியில் போட்ட நாணயத்தை எடுக்கக் கை நீட்டினால் முதல் தடவை கை எட்டாது. 30 சென்டிமீட்டர் மீனை 40 சென்டிமீட்டர் என்று சத்தியம் பண்ணுவார்கள். மீனவர் சொல்லும் அளவை நம்பலாமா என்று அப்போது ஒரு விவாதம் வரும்.

ஒலி: காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், நீரில் சுமார் 1,500. ஒருவர் தண்ணீருக்கடியில் இரண்டு கற்களைத் தட்டுவார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வந்த பக்கம் கை காட்ட வேண்டும். எல்லாக் கையும் வேறுவேறு திசையில் இருக்கும். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. நீரில் அந்த வித்தியாசம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

வெப்பம்: நீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். அக்னி நட்சத்திர வெயிலில் விளையாடும் வேலூர்ப் பிள்ளைகள் 28 டிகிரிக் கடலில் பல் கிடுகிடுக்க ஏறிவருவார்கள்.

நிறம்: ஆழம் போகப்போகச் சிவப்புதான் முதலில் காணாமல் போகும். சிவப்பு ரிப்பன் பழுப்பாகத் தெரியும். டார்ச் அடித்தால் திரும்பச் சிவப்பு. புதுச்சேரிக் கடல் கலங்கியிருந்தால் இந்தச் சோதனை எடுபடாது, சொல்லிவிடுகிறேன்.

கிணற்றில் பாட்டில் இறக்கும் சோதனை என்ன?

கடலுக்கு வர முடியாத பிள்ளைக்கும், வரவே போகாத பள்ளிக்கும் இது போதும்.

நேரான பக்கங்கள் உள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்பக்கம் மேலிருந்து கீழாகச் சாதாரண ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. காகிதப் பட்டையில் போட்டு உள்ளே ஒட்டிவிட்டால் இன்னும் சுலபம். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, கழுத்தில் கல் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் நேராக இறக்க வேண்டும். ஆழத்தில் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், தண்ணீர் உள்ளே ஏறும், ஏறிய இடம்வரை மை கரைந்துவிடும். மேலே எடுக்கும்போது தண்ணீர் இறங்கிவிட்டாலும் அழிந்த கோடு காட்டிக்கொடுத்துவிடும். 5 மீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 10 மீட்டரில் பாதி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நிறைந்து நிற்கும் விவசாயக் கிணறுகளில் நல்ல ஆழம் கிடைக்கும். கயிறு பிடிப்பது பெரியவர்கள். பிள்ளைகள் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம்.

1870-களில் இயற்பியல் அறிஞர் கெல்வின் பிரபு கப்பல்களுக்குக் கடலாழம் அளக்கச் செய்த கருவியும் இதே தத்துவம்தான். கண்ணாடிக் குழாயின் உள்ளே சில்வர் குரோமேட் பூசியிருந்தார். உப்புநீர் தொட்ட இடம் நிறம் மாறும். நம் ஸ்கெட்ச் பேனா அதற்குத் தம்பி.

கோட்டை அகழியிலோ, ஏரியிலோ, மோர்தானா அணையிலோ முங்கக் கூடாதா?

கூடாது. பையன்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், அகழி முதலைக் கதையோடு சேர்த்து. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அனுமதி என்ற பேச்சே எழாது. ஏரியிலும் கல்குவாரியிலும் ஒரு சாண் தூரம்கூடத் தெரியாது. அடியில் சேறு, முள், கம்பி. விடுமுறை நாட்களில் இப்படித் தண்ணீரில் போன பிள்ளைகளின் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. இந்தப் பயிற்சி எடுத்ததால் குவாரியில் இறங்கலாம் என்ற தைரியம் வந்துவிடக் கூடாது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டே சொல்கிறோம்.

எத்தனை வயதில் சேர்க்கலாம்? உடம்பு எப்படி இருக்க வேண்டும்?

உலகமெங்கும் பின்பற்றப்படும் பேடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் விதிப்படி, கடலில் அறிமுக முங்கலுக்கு 10 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். எங்கள் பிள்ளைகள் அவ்வளவு ஆழம்கூடப் போவதில்லை.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் சீழ் அல்லது ஓட்டை இருந்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் குளத்தில்கூட இறக்க மாட்டோம். சாதாரணச் சளியும் தடைதான். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். சளி இருந்தால் அது திறக்காது. கடலுக்குப் போகும் நாளில் சளியை மறைக்கும் பிள்ளைகள் நிறைய. ஆகவே வண்டி ஏறுவதற்கு முன்பே காதைச் சரிபார்த்துவிடுகிறோம். அழுதாலும் விதி விதிதான்.

வயசுக்கு வந்த பொண்ணு. எப்படி அனுப்புவது?

அம்மாக்களைவிட ஆயாக்கள்தான் இதைக் கேட்கிறார்கள். முழுக்கை பனியனும் லெக்கிங்ஸும் போட்டு, மேலே கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் நீச்சல் உடுப்பு. துப்பட்டா மட்டும் வேண்டாம், கருவியில் சிக்கும். பெண் பயிற்றுநர் இல்லாத நாளில் பெண் பிள்ளைகளை இறக்குவதில்லை, தேதியை மாற்றுவோம். உடை மாற்றத் தனி அறை இருக்கிறதா என்று முன்பே போய்ப் பார்த்துவிடுவோம். அம்மாவோ அக்காவோ கூட வரலாம்.

மாதவிடாய் நாளில் முங்கக் கூடாது என்று மருத்துவத்தில் எந்தத் தடையும் இல்லை. வசதிப்படாவிட்டால் பிள்ளை சொல்லாமலே கரையில் இருந்து நேரம் குறிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். காரணம் கேட்க மாட்டோம்.

இன்னொன்று: மாஸ்க்குக்குள் ஒரு முடி மாட்டினாலும் தண்ணீர் கசியும். பின்னலை இறுக்கிக் கட்டிவிடுங்கள். இந்தப் பிரச்சினை புதிதாக அரும்பு மீசை வைத்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கும் உண்டு. அவர்களிடம்தான் பேச முடிவதில்லை.

கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளை?

மூக்குக் கண்ணாடியோடு மாஸ்க் போட முடியாது. கொஞ்சம் பவர் என்றால் சமாளிக்கலாம், அதிகம் என்றால் பவர் வைத்த மாஸ்க் கேட்டு வாங்குவோம்.

சுறா வருமா?

வந்தால் நாங்களும் பார்க்க ஆசைப்படுகிறோம்.

முங்கிவிட்டு அப்படியே ஏலகிரி போய் வரலாமா?

வேண்டாம். ஆழத்தில் மூச்சுவிடும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. அழுத்தம் குறையும்போது அது வெளியேறும். மெதுவாகக் குறைந்தால் மூச்சோடு போய்விடும். திடீரென்று குறைந்தால், கோலி சோடாவை உடைத்ததும் பொங்குவதைப்போல் உடம்புக்குள்ளேயே குமிழ் கட்டும். ஏலகிரி 1,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. ஒருமுறை முங்கினால் 12 மணி நேரம், பலமுறை முங்கினால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொது விதி. மலைக்கும் அதையே வைத்துக்கொள்கிறோம். வேலூர் நகரம் 200 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரம்தான், திண்டிவனம் வழியாக வீடு திரும்புவதில் சிக்கல் இல்லை.

கழிப்பறையே சரியில்லாத பள்ளிக்கு ஸ்கூபா ஒரு கேடா?

ஒரு கூட்டத்தில் ஒருவர் இதே வார்த்தையில் கேட்டார். கோபம் நியாயமானது. ஆனால் கழிப்பறை வரும்வரை இந்தப் பிள்ளைகள் வாய்ப்பாடு மட்டும் படித்தால் போதும் என்று யார் முடிவு செய்வது? பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் கோடை முகாமில் இதைச் செய்தால் யாரும் கேட்பதில்லை. செலவு என்று பார்த்தால், கடலுக்குப் போகும் அந்த ஒரு நாள்தான் பெரிய செலவு: வண்டி, சாப்பாடு, பயிற்றுநர், கருவி வாடகை. மற்ற வகுப்பெல்லாம் பக்கெட், பாட்டில், கயிறு. கழிப்பறைக்கு வைத்த பணத்தில் கை வைத்ததில்லை. கழிப்பறைக்காக மனு எழுதும்போது கையெழுத்தும் போடுகிறோம்.

மார்க் கூடுமா?

உத்தரவாதம் தர மாட்டோம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை இதனால்தான் எடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் தெளியும் பிப்ரவரியில் அவர்கள் திருப்புதல் தேர்வில் இருப்பார்கள்.

இதைப் படித்தால் வேலை உண்டா?

ஒரு நாள் முங்கியதற்கு யாரும் வேலை தர மாட்டார்கள். ஆனால் இந்தப் பக்கம் போக வழி உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்; மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் ‘மத்ஸ்யா 6000’ வாகனத்தை உருவாக்குவது இவர்கள்தான். அங்கே அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் நம் பிள்ளைகள் மனக்கணக்காகவே 600 மடங்கு என்பார்கள். பக்கத்திலேயே பார்த்தால், வெள்ளத்துக்கும் புயலுக்கும் ஓடும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில்.

வேலை என்ற பேச்சில் தோல் ஷாப்பையும் சேர்க்கிறோம். உப்பு போட்டுப் பதப்படுத்திய தோலைக் கழுவும் தண்ணீர் எங்கே போகிறது, பாலாற்றங்கரைக் கிணற்று நீர் ஏன் கரிக்கிறது என்பதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு விஷயம். கடல்நீர் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. தங்கள் தெருக் கிணற்று நீரில் எவ்வளவு என்று, நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து பக்கத்தில் எழுதுகிறார்கள். அந்த நோட்டுகளைப் பார்த்தபின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்ய என்ன படிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு.

எங்கள் பள்ளியிலும் தொடங்க வேண்டும். முதலில் என்ன செய்வது?

முதலில் மாஸ்க் வாங்காதீர்கள். ஒரு நல்ல வில் தராசு, 15 மீட்டர் கயிறு, கண்ணாடிப் பாட்டில்கள், கல் உப்பு, ஒரு கண்ணாடித் தொட்டி. தலைமை ஆசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி, ஒவ்வொரு பெற்றோரின் சம்மதக் கடிதம் தமிழில். குளத்துக்கு உயிர்காக்கும் பயிற்சி பெற்றவர் ஒருவர் கட்டாயம். முக்குளிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளை, படகில் முதலுதவி ஆக்சிஜன் இருக்கிறதா, கடல் சரியில்லாவிட்டால் பணத்தைத் திருப்புவீர்களா. மூன்றாவதற்கு இழுத்துப் பேசினால் வேறு இடம் பாருங்கள். பணம் போய்விடுமே என்று மோசமான கடலில் இறங்க வேண்டிய நெருக்கடி வந்துவிடும்.

கை சைகைகளை மட்டும் வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்கடியில் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டி, அடுத்த நொடி மேலே கொண்டுவரப்பட்டு முழித்த பிள்ளைகள் எங்களிடம் ஏராளம்.